மணப்பாட்டில் ஒரு நம்பிக்கைப் பயிற்சி

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தபோது மொத்தம் பதினோரு பேர் இருந்தோம். அதில் ஆறு பேர் மீன் வெட்டுகிற பெண்கள். திரேஸ்புரம் கரைக்கு நாட்டுப்படகுகள் வந்ததும் ஏலத்தில் மீன் எடுத்து, வெட்டிக் கழுவி, ஐஸ் பெட்டியில் அடுக்கி, மதியத்துக்குள் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வேனில் அனுப்புவதுதான் வேலை. செல்போனில் கேட்டவர்கள் வீட்டு வாசலுக்குச் சாயங்காலம் மீன் போய்விடும். நல்ல மீனாக எடுக்க வேண்டும், சுத்தமாக வெட்ட வேண்டும், வெயில் ஏறுவதற்குள் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் தொழில். இந்த மூன்றையும் செய்தவர்களைத் தவிர மற்ற எல்லோரையும், என்னையும் சேர்த்து, பிற்பாடு தலைவர்கள் என்று சொல்லிக்கொண்டோம்.

நான் நாசரேத்துக்காரி. அப்பா, அம்மா இரண்டு பேரும் மிஷன் பள்ளி ஆசிரியர்கள். ஒரு நூல் மில்லில் ஏழு வருஷம் பணியாளர் பிரிவில் இருந்துவிட்டு இங்கே வந்தேன். கம்பெனியை ஆரம்பித்தவர் சாத்தான்குளத்துக்காரர், என்னைவிட நான்கு வயது சின்னவர், பெங்களூரில் சாப்ட்வேர் வேலையை விட்டுவிட்டு வந்தவர். முதல் வருஷம் அவர் மோசமில்லை. காலை ஆறு மணிக்கே கரையில் நிற்பார். பெட்டி தூக்குவார். வெட்டுகிற பெண்களோடு உட்கார்ந்து அவர்கள் கொண்டுவந்த இட்லியைப் பிட்டுத் தின்பார். அவர்கள் அவரைத் தம்பி என்பார்கள், படகுக்காரர்கள் அண்ணாச்சி என்பார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

வெட்டுக்கூடத்தை நடத்தியவர் ஒரு அக்கா. கடற்கரைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார், வருஷத்தில் பாதிக்கு மேல் ஊரில் இருக்கமாட்டார். அக்கா மீனின் செவுளைக் கட்டைவிரலால் விரித்து ஒரு தடவை பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் பெட்டியைக் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவார்.

"இது நேத்து மீனு. இத வெட்டி அனுப்புனா, நாளைக்கு அவிய நம்மள வெட்டுவாவ" என்பார். அந்தப் பெட்டி திரும்பிப் போகும். அதற்குமேல் விவாதம் கிடையாது. எங்கள் மீன் நன்றாக இருக்கிறது என்று மதுரையில் பெயர் வந்ததற்கு அந்தக் கட்டைவிரல்தான் காரணம். அதைக் கம்பெனியின் எந்த அறிக்கையிலும் நான் பார்த்ததில்லை. நான் எழுதிய அறிக்கைகளிலும்தான்.

மூன்றாவது வருஷம் வெளியிலிருந்து ஒரு பெரிய முதலீடு வந்தது. பதினோரு பேர் எழுபது பேர் ஆனோம். பாளையங்கோட்டை ரோட்டில் கண்ணாடி வைத்த அலுவலகம். சுவரில் ஆளுயரத்துக்கு ஐந்து ஆங்கில வார்த்தைகள், ஐந்தும் எங்கள் விழுமியங்களாம். அவற்றைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுநாள் கூட்டம் நடந்தது. மீன் என்ற சொல் அன்று ஒருவர் வாயிலும் வரவில்லை. பணியாளர் பிரிவைப் பார்த்துக்கொண்ட என் பதவிக்குப் புதிதாக ஒரு பெயர் வந்தது: பீப்பிள் லீட். பெயர் மாறியதே தவிர, விடுமுறைக் கடிதங்களை அடுக்கி வைப்பதுதான் அப்போதும் வேலை.

எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், தம்பி, அண்ணாச்சி, மேடம் எதுவும் கூடாது, ஏற்றத்தாழ்வு இல்லாத கம்பெனி என்று உத்தரவு வந்தது. ஏற்றத்தாழ்வு இல்லை என்பதை உத்தரவாகத்தான் போட வேண்டியிருந்தது என்பதை யாரும் கவனிக்கவில்லை. வெட்டுகிற பெண்களுக்கு முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. தம்பி என்றால் திருத்தினார்கள். கடைசியில் அவர்கள் அவரைக் கூப்பிடுவதையே நிறுத்திவிட்டார்கள். என்னை மட்டும் மேடம் என்பதை அவர்கள் விடவில்லை, நானும் திருத்தவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வட்டமாக நின்று பேச வேண்டும் என்பது அடுத்த ஏற்பாடு. ஏழு மணிதான் மீன் வந்து இறங்குகிற நேரம். ஒவ்வொருவரும் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், என்ன இடைஞ்சல் என்று மூன்று வாக்கியம் சொல்ல வேண்டும். முதல் நாள் அக்காவின் முறை வந்தது.

"நேத்து மீன் வெட்டுனேன். இன்னைக்கு மீன் வெட்டப் போறேன். இந்தக் கூட்டந்தான் இடைஞ்சல்."

முதலாளி கைதட்டிச் சிரித்தார். இந்த நேர்மைதான் நமக்கு வேண்டும் என்று சொல்லி, அதைச் செல்போனில் குறித்தும் கொண்டார். கூட்டம் மறுநாளும் ஏழு மணிக்கே நடந்தது.

பிறகு சென்னையிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். வளரும் கம்பெனிகளுக்குத் தலைமைப் பண்பு கற்றுக்கொடுப்பவர். வெள்ளை ஷூ, வெள்ளைச் சட்டை. மீன் கம்பெனிக்கு இந்த உடையில் வருகிறவரைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். அவர் எந்தக் கம்பெனியையும் நடத்தியதில்லை, ஒரு பெட்டிக்கடைகூட. பத்துப் பேர் இருக்கும்போது தலைவன் வேலை செய்ய வேண்டும், ஐம்பது பேர் ஆனதும் வேலை வாங்க வேண்டும், நூறு பேர் ஆனதும் கதை சொல்ல வேண்டும் என்று அவர் எங்களுக்குப் பாடம் எடுத்தார். முதலாளி இந்த மூன்றாவது பாடத்தை மட்டும் உடனே பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவர் கரைக்கு வரவே இல்லை. நானும் நோட்டில் எழுதிக்கொண்டு தலையாட்டினேன். என் நோட்டில் அந்த மூன்று வரிகளுக்கும் அடிக்கோடு போட்டிருந்தது.

அந்தப் பயிற்சியாளர் யோசனையில்தான் மணப்பாட்டுக் கடற்கரைக்குப் போனோம். ஒரு நாள் முழுக்க எல்லோரும் கலந்து பழகுவது திட்டம். இரண்டு பஸ். நிகழ்ச்சி நிரலை நான்தான் தயாரித்தேன். குன்றின் மேல் இருக்கிற சிலுவைக் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறோம் என்று வெட்டுகிற பெண்கள் கேட்டார்கள். நிரலில் அதற்கு இடமில்லை, திரும்பும்போது பார்க்கலாம் என்றேன். அவர்கள் கீழே நின்றபடியே கோயிலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மதியம் மணல் காலைச் சுட்டதால் நாங்கள் சாப்பிட்ட விடுதியின் முற்றத்துக்கு விளையாட்டை மாற்றினார்கள். சிமென்ட் தரை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்கிற ஐந்து பேர் கீழே விழாமல் தாங்க வேண்டும். நம்பிக்கைப் பயிற்சி என்று பெயர். முதலில் முதலாளி சாய்ந்தார். ஐந்து பேர் போதாதென்று எட்டுப் பேர் ஓடிப்போய்த் தாங்கினார்கள். வீடியோவில் முகம் சரியாக விழவில்லை என்று இன்னொரு தடவையும் சாய்ந்தார்.

"அடுத்து வெட்டுக்கூடத்துலேருந்து ஒரு லீடர் வரணும்" என்றார் பயிற்சியாளர். எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"எதுக்கு விழணும்?" என்று அக்கா கேட்டார்.

"விழறது இல்லைங்க. நம்பறது. உங்க டீம் மேல உங்களுக்கு நம்பிக்கை இருக்குல்ல?"

"இருக்கு. அத விழுந்துதான் காட்டணுமா?"

சிரித்தார்கள். முதலாளி, "பயப்படாம வாங்க, நான் செஞ்சேன்ல" என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்ற ஐந்து பேரும் சாப்ட்வேர் பிரிவு இளைஞர்கள் என்பதை நான் கவனித்தேன். அந்த இடத்தில் நானோ, வெட்டுகிற பெண்களோ நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் செய்தது. ஆனால் மணி இரண்டரை. நிரலில் நாங்கள் இருபது நிமிஷம் பிந்தியிருந்தோம்.

"சும்மா ஒரு விளையாட்டுதான்க்கா" என்றேன்.

அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நின்றார். கண்ணை மூடினார். பயிற்சியாளர் ஒன், டூ, த்ரீ என்று எண்ணினார். த்ரீ சொன்ன பிறகு அக்கா சாய்ந்தார். அவர் உடம்பு கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்தபோது ஐந்து பேரும் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை. அம்மா வயதிலிருக்கிற பெண்ணை எங்கே தொட்டுப் பிடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை, கூச்சம். அவ்வளவுதான் காரணம். நம்பிக்கையைப் பற்றி ஒரு நாள் முழுக்கப் பேசியவர்களில் ஒருவருக்கும் இந்தக் கூச்சம் முன்கூட்டியே உறைக்கவில்லை.

அக்கா வலது கையை ஊன்றி விழுந்தார். முருங்கைக் கிளை ஒடிந்த மாதிரி ஒரு சத்தம். அவர் அலறவில்லை. உட்கார்ந்தபடியே மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, "கையப் பாருங்க, மேடம்" என்றார்.

பஸ்களோடு வந்திருந்த கம்பெனி வேனை எடுக்கச் சொன்னேன். அப்போது ட்ரோன் கேமராக்காரர் மேலேயிருந்து குரூப் போட்டோ எடுக்கத் தயாராக நின்றார். அவருக்கு அடுத்து ஒரு கல்யாண வேலை இருந்ததாம். "ரெண்டே நிமிஷம், எல்லாரும் இருக்கும்போதே எடுத்துடலாம்" என்றார் முதலாளி. அக்காவை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். யாரோ ஒரு துண்டைக் கையில் சுற்றிவிட்டார்கள். அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுபது பேரில் அக்காவைத் தவிர எல்லோரும் மேலே பார்த்துச் சிரிக்கிறோம். அதன் பிறகுதான் திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கிளம்பியது. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். பயிற்சியாளரும் கூட இருந்தார். இன்சூரன்ஸுக்கும் முதலீட்டாளர்களுக்கும் ஒரு அறிக்கை வேண்டும் என்றார்கள்.

"நடந்ததை மட்டும் எழுதுங்க. அவங்க டூவிலேயே விழுந்துட்டாங்கல்ல?" என்றார் முதலாளி.

"இல்ல, த்ரீலதான்."

"எனக்கு டூன்னுதான் ஞாபகம்."

"ரெண்டரைன்னு வச்சுக்கலாமே" என்றார் பயிற்சியாளர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நான் இரண்டு என்று எழுதினேன். யாரும் மிரட்டவில்லை, வேலை போய்விடும் என்று சொல்லவில்லை. எண்ணிக்கை நிறைவடையும் முன்பே பங்கேற்பாளர் சாய்ந்துவிட்டார் என்பதை நல்ல ஆங்கிலத்தில் எழுத எனக்குத் தெரியும். தெரிந்ததைச் செய்தேன். என் அப்பா முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தது இதற்குப் பயன்பட்டது.

நான்கு நாள் கழித்து, அலுவலகக்காரர்கள் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்கிற சமூக வலைத்தளத்தில் முதலாளி ஒரு கட்டுரை போட்டார். அக்காவின் மாவுக்கட்டுக் கையின் படம். அதன் கீழே, தலைவன் என்பவன் விழுகிறவரைத் தாங்குகிறவன் அல்ல, விழுவதற்கு இடம் கொடுக்கிறவன் என்ற பாடத்தை இந்தப் பெண்மணி எனக்குக் கற்றுத்தந்தார் என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை எடுத்து அனுப்பியதும் நான்தான். நலம் விசாரிக்க என்று கேட்டதால் அனுப்பினேன். ஏராளமானவர்கள் இதயம் போட்டிருந்தார்கள். அதில் ஒருவர்கூட அந்தக் கை என்ன வேலை செய்கிற கை என்று கேட்கவில்லை.

அக்காவின் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணில் அது பட்டிருக்கிறது. அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை வெட்டுக்கூடத்துக்கு ஒருவரும் வரவில்லை. அப்போது அங்கே இருபத்திரண்டு பேர் வேலை பார்த்தார்கள். கோரிக்கை, மனு, கோஷம் எதுவும் கிடையாது. நான் ஒவ்வொருவராக போன் செய்தேன். மூன்றாவது ஆள்தான் எடுத்தார்.

"வேற எடத்துல வேல கெடச்சிட்டு, மேடம்."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்குந்தான். எறால் கம்பெனில ஆள் கேட்டுக்கிட்டே இருந்தாவ. வச்சிரட்டா, மேடம்?"

முப்பது பெட்டி மீன் வந்து இறங்கியிருந்தது. மாதக்கணக்கில் வெட்டுக்கூடத்துக்குள் கால் வைக்காத முதலாளி அன்று வந்தார். நாமே வெட்டுவோம், தலைவர்கள் களத்தில் இறங்குகிற நேரம் இது என்றார். புதிய ஏப்ரன்கள் பிரிக்கப்பட்டன. சாப்ட்வேர் இளைஞர்கள், விளம்பரப் பிரிவு, கணக்குப் பிரிவு, நான் எல்லோரும் கையுறை போட்டுக்கொண்டு மேஜையைச் சுற்றி நின்றோம். செல்போனில் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்து வெட்டினோம். விளமீன் செதில் கண்ணாடியிலும் தலைமுடியிலும் ஒட்டியது. சீலா மீனைத் துண்டு போடத் தெரியாமல் நசுக்கினோம். பித்தப்பை உடைந்து சதையெல்லாம் பச்சையானது. பயிற்சியாளர் ஒரு கணவாயை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் மை அவர் வெள்ளை ஷூவில் கொட்டியது. அந்த ஒரு நிமிஷம் மட்டும் எனக்கு வேலையில் திருப்தி இருந்தது.

பதினொன்றரைக்கு ஆறு பெட்டி முடிந்திருந்தது. மிச்சம் ஐஸ் உருகிக் கிடந்தது. முடித்ததை மட்டும் வேனில் ஏற்றி அனுப்பினோம். மாலையில் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டார். அவர் கோபப்படக்கூட இல்லை.

"இத வெட்டுன ஆளுக்கு மீன் மேல என்னம்மா அவ்வளவு கோவம்?" என்று கேட்டார்.

இந்த இடத்தில் கம்பெனி கவிழ்ந்தது என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. அது நடக்கவில்லை. ஒரு வாரத்தில் வெட்டுக்கூடத்தையே மூடினார்கள். வெளியில் வெட்டி விற்கிற ஒருவரிடம் வாங்கி, எங்கள் பெயரை ஒட்டி அனுப்ப ஆரம்பித்தோம். செவுளைப் பார்க்க இப்போது யாரும் இல்லை. மீன் முன்பு போல இல்லை என்று பழைய வாடிக்கையாளர்கள் போனார்கள், விளம்பரம் பார்த்துப் புதியவர்கள் வந்தார்கள். இதைப் பாரம் குறைந்த நிர்வாகம் என்று முதலாளி விளக்கினார். புதிய முதலீட்டாளர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நெருக்கடியைச் சத்தமில்லாமல் சமாளித்ததற்காக எனக்குப் பீப்பிள் ஹெட் என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகும் எட்டு மாதம் அங்கே வேலை பார்த்தேன். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட முடியாது.

ஒரு கல்லூரியில் முதலாளியைப் பேசக் கூப்பிட்டார்கள். வளரும் நிறுவனத்தில் தலைமை என்பது தலைப்பு. மேடையில் அவரை அறிமுகம் செய்யும் வேலை எனக்கு. அவர் மணப்பாட்டுக் கதையைச் சொன்னார். நன்றாகவே சொன்னார், அக்கா விழுகிற இடத்தில் குரல் தழுதழுத்தது. கதையில் அக்கா இரண்டு எண்ணும்போதே விழுந்தார், ஏனென்றால் நம்பிக்கை எண்ணிக்கைக்குக் காத்திருப்பதில்லையாம். என் அறிக்கை அவர் வாயில் அப்படி வளர்ந்திருந்தது.

கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க, சார்?"

முதலாளி என்னைப் பார்த்தார். "அதை எங்க பீப்பிள் ஹெட் சொல்லுவாங்க" என்றார். மைக் என் கைக்கு வந்தது.

"நல்லா இருக்காங்க" என்றேன். எனக்குத் தெரியாது. எட்டு மாதமாக நான் விசாரிக்கவில்லை.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையூரணியில் அக்கா வீட்டுக்குப் போனேன். மதியச் சமையல் நடந்துகொண்டிருந்தது. வாங்க என்றார். நாற்காலியை மகள் எடுத்துப் போட்டாள். மணிக்கட்டு ஒரு பக்கமாகக் கோணிச் சேர்ந்திருந்தது. இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை மட்டும் பார்ப்பதாகச் சொன்னார். கத்தி பிடித்தால் கால் மணி நேரத்தில் கை மரத்துப்போகிறதாம்.

நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அந்த அறிக்கைய நான்தான்க்கா எழுதினேன். நீங்க ரெண்டு எண்ணும்போதே விழுந்துட்டீங்கன்னு."

"தெரியும்" என்றார். "வேற யாரு எழுதுவா? அங்கன நாலு வரி ஒழுங்கா எழுதத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்திதான."

"தப்புதான்க்கா."

அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தார்.

"விழுந்தத நான் பெருசா நெனைக்கல, மேடம். புள்ளையளுக்குக் கூச்சம், கைய எடுத்துட்டானுவ. ஒண்ணும் சொல்லுததுக்கு இல்ல. விழுறதுக்கு முன்னால உங்களத்தான் பாத்தேன். நீங்க வெளாட்டுன்னு சொன்னிய. அதாம் விழுந்தேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தைக்காகத்தான் நான் பஸ் ஏறி வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது, வெட்கமாக இருந்தது. மகள் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் கம்பெனியில் எல்லோருக்கும், முதலீட்டாளர்களுக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று எண்ணிய பிறகே அக்கா சாய்ந்தார், பின்னால் நின்றவர்கள் பிடிக்கவில்லை, ஏற்பாடு செய்ததும் பொய்யான அறிக்கை எழுதியதும் நான், வேலையை விடுகிறேன். நான்கு வரி. பெரிய பிரளயம் வரும் என்று எதிர்பார்த்தேன். பத்து நிமிஷத்தில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது. இந்த வெளிப்படைத்தன்மைக்கு நன்றி, இதுதான் நம் விழுமியம் என்று எழுதி, கைகூப்பும் பொம்மை ஒன்றையும் போட்டிருந்தார். அவரை அவமானப்படுத்தவே முடியாது. அதற்கு உள்ளே ஏதாவது இருக்க வேண்டும். அடுத்த மாதம் கம்பெனி அலுவலகத்தைச் சென்னைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது ஆறுமுகநேரியில் ஒரு உப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் மதிய இடைவேளையில் ஒரு போன் வந்தது. அன்று அக்காவின் பின்னால் நின்ற ஐந்து பேரில் ஒருவர். அவரும் வேலையை விட்டுவிட்டாராம், இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறாராம்.

"நடுவுல நின்னது நான்தான், மேடம். நான் பிடிச்சிருக்கலாம். அவங்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லணும். அட்ரஸ் தர்றீங்களா?"

கொடுத்தேன்.

"நீங்களும் கூட வர்றீங்களா?"

"நான் போயாச்சு. நீங்க தனியாப் போங்க" என்றேன்.

சரி என்றார். போனாரா என்று நான் விசாரிக்கவில்லை.